வீட்டிலிருந்து அலுவலக விபிஎன்: எந்த அறிகுறிக்கு எங்கே தேடுவது

இருபது பேருக்கும் குறைவாக வேலை பார்க்கும் ஓர் அலுவலகத்தை எடுத்துக்கொள்வோம். இணைய நிறுவனம் சுவரில் மாட்டிவிட்டுப் போன ஃபைபர் மோடம், அதன் பின்னால் புதிதாக வாங்கிய விபிஎன் பெட்டி (வெளியே இருப்பவர் இணையத்தின் ஊடே அலுவலகத்துக்குள் வரக் குறியாக்கிய தனிப் பாதை போடும் ரவுட்டர்), அதற்கும் பின்னால் ஸ்விட்ச், கணக்கு மென்பொருளான டாலி ஓடும் கணினி, கோப்புகள் இருக்கும் சர்வர், பிரிண்டர், வருகைப் பதிவு இயந்திரம். கணக்காளர் இரவில் வீட்டிலிருந்து உள்ளே வர வேண்டும். ஜிஎஸ்டி வரி அறிக்கைகளுக்குக் கடைசி நாள் மாதந்தோறும் வரும்: 11ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-1, 20ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-3பி. “விபிஎன் வேலை செய்யவில்லை” என்ற அழைப்பு பெரும்பாலும் அந்தத் தேதிகளை ஒட்டிய இரவுகளில்தான் வரும். அந்த அழைப்பை எடுக்கப்போகிறவருக்காக இதை எழுதுகிறேன்.

அந்த ஒரே புகாருக்குள் மூன்று தனித்தனிப் பிழைகள் இருக்கின்றன. பாக்கெட், அதாவது நெட்வொர்க்கில் போகும் தரவுத் துண்டு, பெட்டிவரை வந்து சேரவே இல்லை என்பது ஒன்று. வந்து சேர்ந்தது, பெட்டி உள்ளே விட மறுத்தது என்பது இன்னொன்று. உள்ளே விட்டாயிற்று, ஆனால் உள்ளிருக்கும் கணினியைத் தொட்டுத் திரும்ப முடியவில்லை என்பது மூன்றாவது. இவற்றுள் எது என்று தெரியும்வரை அமைப்புப் பக்கத்தில் ஒரு குறியைக்கூட மாற்றாதீர்கள். பதற்றத்தில் பத்து இடங்களை மாற்றிவிட்டால், அவற்றுள் எது சரிசெய்தது, எது புதிதாகக் கெடுத்தது என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது.

தொடங்கும் முன் பெட்டியின் அமைப்பை ஒரு கோப்பாகச் சேமித்துவிடுங்கள். பெட்டியின் லாக் பக்கத்தை, அதாவது நடந்ததை நேரத்தோடு எழுதிவைக்கும் பதிவை, ஒரு திரையில் திறந்து வையுங்கள். சோதனையை மொபைல் டேட்டாவிலிருந்து செய்யுங்கள். அலுவலக வைஃபையில் உட்கார்ந்துகொண்டு அலுவலகத்தின் வெளி முகவரிக்கு விபிஎன் போட்டுப் பார்ப்பது சோதனையே ஆகாது. பாக்கெட் வெளியே போய் அதே வாசல் வழியாகத் திரும்பி வருவதைப் பல ரவுட்டர்கள் அனுமதிப்பதில்லை. சரியாக இருக்கும் அமைப்புகூட அங்கிருந்து பார்த்தால் உடைந்ததுபோலத் தெரியும்.

பதிலே வராமல் சுழன்றுவிட்டு நின்றுவிடுகிறது

விண்டோஸில் இது 809 என்ற பிழை எண்ணாக வரும். விபிஎன் வகைகளுள் ஓப்பன்விபிஎன் என்றால், 60 விநாடிக்குள் டிஎல்எஸ் சாவிப் பரிமாற்றம் (குறியாக்கத்துக்கான சாவியை இரண்டு முனையும் ஒத்துக்கொள்வது) நடக்கவில்லை என்று எழுதும். வயர்கார்டு என்ற வகை திரையில் பிழை எதையும் காட்டாது. அனுப்பிய பைட்டுகள் ஏறிக்கொண்டே போகும், பெற்றவை சுழியத்திலேயே நிற்கும்.

இப்போது பெட்டியின் லாக்கைப் பாருங்கள். நீங்கள் முயன்ற நேரத்தில் ஒரு வரிகூட இல்லையென்றால் பாக்கெட் வந்து சேரவில்லை. வயர்கார்டுக்கு மட்டும் இது பொருந்தாது. தெரியாத சாவியோடு வரும் பாக்கெட்டுக்கு அது பதில் சொல்லாமல் இருப்பது அதன் வடிவமைப்பு. ஆகவே சாவி தவறாக இருந்தாலும், பாக்கெட் வராவிட்டாலும் வெளியிலிருந்து பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். பெட்டியில் பாக்கெட்டைப் பிடித்துக் காட்டும் வசதி இருந்தால், வெளி இணைப்பில் யூடிபி 51820க்கு, அதாவது யூடிபி என்ற அனுப்பும் முறையில் வயர்கார்டின் வழக்கமான போர்ட்டுக்கு (வாசல் எண்ணுக்கு), ஏதாவது வருகிறதா என்று அதில் பாருங்கள். வந்தால் சாவியைச் சரிபார்க்க வேண்டும். வராவிட்டால் பாதையைச் சரிபார்க்க வேண்டும். வீட்டிலிருந்து அலுவலக முகவரிக்குப் பிங் (இருக்கிறாயா என்று கேட்கும் சோதனைப் பாக்கெட்) போட்டுப் பதில் வராததை மட்டும் ஆதாரமாகக் கொள்ளாதீர்கள். பெரும்பாலான பெட்டிகள் வெளியிலிருந்து வரும் பிங்கைக் கண்டுகொள்வதில்லை.

பாதையில் முதலில் பார்க்க வேண்டியது அலுவலகத்துக்கு உண்மையிலேயே ஒரு பொது ஐபி முகவரி, அதாவது இணையத்தில் எங்கிருந்தும் எட்டக்கூடிய எண், இருக்கிறதா என்பதை. இந்தியாவில் ஃபைபர் இணைப்பு வாங்கும் சிறிய அலுவலகங்கள் அதிகம் தடுக்கி விழும் இடம் இதுதான். மோடத்தின் நிலைப் பக்கத்தில் வெளி முகவரி என்று ஓர் எண் இருக்கும். அலுவலகக் கணினியில் “என் ஐபி என்ன” என்று காட்டும் தளம் ஒன்றைத் திறந்தால் அங்கேயும் ஓர் எண் வரும். இரண்டும் ஒன்றாக இருந்தால் நல்லது. மோடத்தில் இருப்பது 100.64 முதல் 100.127 வரை தொடங்கும் எண்ணாகவோ, 10 என்று தொடங்குவதாகவோ இருந்தால், இணைய நிறுவனம் ஒரே பொது முகவரியைப் பல வாடிக்கையாளர்களுக்குப் பங்கிட்டுக் கொடுத்திருக்கிறது. 100.64.0.0/10 என்ற தொகுதி, அதாவது மேலே சொன்ன 100.64 முதல் 100.127 வரை, 2012இல் இதற்கென்றே ஒதுக்கப்பட்டது. இந்த நிலையில் உங்கள் பெட்டியில் எந்தப் போர்ட்டைத் திறந்தாலும் பயனில்லை. கதவு நிறுவனத்தின் பக்கம் மூடியிருக்கிறது, சாவி உங்களிடம் இல்லை.

இதற்குத் தீர்வுகள் சில உண்டு. நிறுவனத்திடம் நிலையான ஐபி கேட்டு வாங்குவது நேர்வழி. மாதக் கட்டணம் கொஞ்சம் கூடும், ஆனால் கொடுக்கிற பணத்துக்குத் தகும். புதிய முகவரி முறையான ஐபிவி6இல் பொது முகவரி கிடைத்திருந்தால் அதன் வழியாக உள்ளே வரலாம். ஆனால் வீட்டு இணைப்பிலும் ஐபிவி6 இருந்தாக வேண்டும். மூன்றாவது, பொது முகவரி உள்ள சிறிய கிளவுட் சர்வர் ஒன்றை எடுத்து, அலுவலகப் பெட்டியே அதற்கு வயர்கார்டு இணைப்பு போட்டு வைத்திருப்பது. பணியாளர்களும் அதே சர்வருக்கு வந்து சேர்வார்கள். அலுவலகப் பக்கத்தில் 25 விநாடிக்கு ஒருமுறை உயிர்ப்புச் சைகை அனுப்பும்படி வைத்தால் இணைப்பு திறந்தே இருக்கும்.

முகவரி பொதுவானதுதான், ஆனாலும் எதுவும் வரவில்லை என்றால் மோடத்துக்கும் பெட்டிக்கும் இடையே பாருங்கள். விபிஎன் பெட்டியின் வெளி முகவரி 192.168 என்று தொடங்குகிறதா? அப்படியானால் மோடமும் ரவுட்டராக வேலை செய்கிறது, பெட்டி அதன் பின்னால் இரண்டாவது ரவுட்டராக நிற்கிறது. மோடத்தை பிரிட்ஜ் முறைக்கு (ரவுட்டராக இல்லாமல் இணைப்பை மட்டும் கடத்தும் முறைக்கு) மாற்றச் சொல்லி, இணைய நிறுவனத்தின் பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் பெட்டியிலேயே போடுவது சுத்தமான வழி. அது முடியாதபோது மோடத்தில் போர்ட் ஃபார்வர்டிங் செய்யலாம், அதாவது குறிப்பிட்ட போர்ட்டுக்கு வருவதைப் பெட்டிக்குத் திருப்பிவிடலாம். ஐபிசெக் வகைக்கு யூடிபி 500, யூடிபி 4500 இரண்டும் வேண்டும். ஒன்றை மட்டும் திறந்துவிட்டு மணிக்கணக்கில் தேடுகிறவர்கள் பலர். ஓப்பன்விபிஎன்னுக்கு வழக்கமாக யூடிபி 1194, வயர்கார்டுக்கு 51820, எஸ்எஸ்எல் வகைகளுக்கு டிசிபி 443. அதே 443ஐ மோடம் தன் சொந்த நிர்வாகப் பக்கத்துக்காகப் பிடித்து வைத்திருக்கலாம், அதையும் பார்த்துவிடுங்கள். விண்டோஸிலேயே இருக்கும் எல்2டிபி இணைப்பைப் பயன்படுத்துகிறீர்கள், பெட்டியும் மோடத்துக்குப் பின்னால் இருக்கிறது என்றால், எல்லாப் போர்ட்டும் திறந்திருந்தும் 809 வரும். அதற்குப் பணியாளரின் கணினியில் விண்டோஸ் ரெஜிஸ்ட்ரியின் பாலிசிஏஜென்ட் பகுதியில் யூடிபி என்காப்சுலேஷன் சார்ந்த ஒரு மதிப்பை 2 என்று வைத்து மறுதொடக்கம் செய்ய வேண்டும். மைக்ரோசாஃப்ட்டின் உதவிப் பக்கங்களில் அந்த மதிப்பின் முழுப் பெயர் இருக்கிறது.

எல்லோருக்கும் வேலை செய்கிறது, ஒருவருக்கு மட்டும், அதுவும் ஒரு விடுதியிலோ மருத்துவமனை வைஃபையிலோ இருக்கும்போது மட்டும் வராமல் போகிறது என்றால் பெட்டியைத் தொடாதீர்கள். அந்த வைஃபை யூடிபியைத் தடுக்கிறது. மொபைல் டேட்டாவுக்கு மாறச் சொல்லுங்கள். இப்படி அடிக்கடி பயணம் செய்பவர்கள் இருந்தால் டிசிபி 443இல் இரண்டாவது வழி ஒன்றைத் திறந்து வைப்பது நல்லது.

இந்தக் கட்டத்தில் ஒரு குறுக்குவழி கண்ணுக்குத் தெரியும்: விபிஎன்னை விட்டுவிட்டு, டாலி கணினியின் ரிமோட் டெஸ்க்டாப்பை, அதாவது டிசிபி 3389ஐ, நேராக இணையத்துக்குத் திறந்துவிடுவது. தயவுசெய்து செய்யாதீர்கள். இணையத்தில் திறந்திருக்கும் 3389 போர்ட்டுகளைத் தேடும் நிரல்கள் இரவும் பகலும் ஓடிக்கொண்டிருக்கின்றன. கடவுச்சொல்லை ஊகித்து நுழைந்து, கணக்குக் கோப்புகள் எல்லாவற்றையும் பூட்டிவிட்டுப் பணம் கேட்பது அந்த நிரல்களை ஓட்டுகிறவர்களுக்குத் தினசரித் தொழில். பிபிடிபி என்ற பழைய வகை சுலபமாக இணைந்துவிடுகிறது என்பதற்காக அதற்குத் திரும்புவதும் அப்படித்தான். அதன் உள்நுழைவு முறையை உடைக்க முடியும் என்பது 2012இலேயே செய்துகாட்டப்பட்டது. ஆப்பிள் 2016இல் ஐஓஎஸ் 10இலிருந்து அதை எடுத்துவிட்டது. ஆண்ட்ராய்டு 12 முதல் அதைப் புதிதாகச் சேர்க்கவே முடியாது.

கடவுச்சொல் சரி என்கிறார், பெட்டி மறுக்கிறது

இது நல்ல செய்தி. பாக்கெட் வந்துவிட்டது, மேலே சொன்ன எதையும் பார்க்கத் தேவையில்லை. விண்டோஸில் 691 என்றால் பயனர் பெயர், கடவுச்சொல், அல்லது அந்தப் பயனருக்கு விபிஎன் அனுமதி இல்லை. 789 என்றால் பெரும்பாலும் இரண்டு பக்கமும் பகிர்ந்துகொள்ளும் ரகசியச் சொல் பொருந்தவில்லை. வாட்ஸ்அப்பில் வந்ததை நகலெடுத்து ஒட்டும்போது கடைசியில் ஓர் இடைவெளியும் சேர்ந்துகொள்வது வழக்கமான காரணம். 13801 என்றால் சான்றிதழ், அதாவது பெட்டி தன்னை நிரூபிக்கும் மின்னணு அடையாளம்: காலாவதியாகியிருக்கலாம், அதை வழங்கிய வேர்ச் சான்றிதழ் கணினியில் இல்லாமல் இருக்கலாம், அல்லது சான்றிதழில் உள்ள பெயரும் பணியாளர் இணையும் பெயரும் வேறாக இருக்கலாம். பெயரில் எடுத்த சான்றிதழுக்கு ஐபி எண்ணைப் போட்டு இணைந்தால் இந்தப் பிழை நிச்சயம்.

நேற்றுவரை எல்லோருக்கும் இணைந்தது, இன்று காலை ஒருவருக்குமே இணையவில்லை என்றால் சர்வர் சான்றிதழின் காலாவதித் தேதியை முதலில் பாருங்கள். பெட்டி வாங்கிய நாளில் ஓராண்டுக்கோ மூன்றாண்டுக்கோ போட்டது, சத்தமில்லாமல் முடிந்திருக்கும். நேற்றிரவு விண்டோஸ் புதுப்பிப்பு இறங்கியதா என்றும் கேளுங்கள். 2022 ஜனவரி 11 அன்று வந்த மாதாந்திரப் புதுப்பிப்பு எல்2டிபி விபிஎன்னை முடக்கியது. மைக்ரோசாஃப்ட் ஒரு வாரத்துக்குள் தனியாக ஒரு திருத்தம் வெளியிட வேண்டியிருந்தது. அந்த நாட்களில் பெட்டியைக் குடைந்துகொண்டிருந்தவர்களின் உழைப்பு முழுவதும் வீண்.

கடிகாரத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதை யாரும் முதலில் சந்தேகிப்பதில்லை. பெட்டி தொழிற்சாலையிலிருந்து வரும்போது அதன் நேர மண்டலம் பெரும்பாலும் உலகப் பொது நேரமாக இருக்கும். நிறுவுகிறவர் திரையில் காட்டும் நேரம் தவறு என்று பார்க்கிறார். நேர மண்டலத்தை இந்தியாவுக்கு மாற்றாமல், கையால் கடிகாரத்தைச் சென்னை நேரத்துக்குத் திருப்பிவிடுகிறார். இப்போது பெட்டியின் உள்நேரம் உண்மையைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. அந்தப் பெட்டியிலேயே பணியாளருக்கு ஒரு சான்றிதழ் உருவாக்கினால், அது ஐந்தரை மணி நேரம் கழித்துத்தான் செல்லுபடியாகத் தொடங்கும். மதியம் கொடுத்த சான்றிதழ் “இன்னும் செல்லாது” என்று மறுக்கப்பட்டு, இரவில் யாரும் எதையும் தொடாமலே இணைந்துவிடும். தானாகச் சரியாகிவிட்டது என்று விட்டுவிடுவார்கள், அடுத்த பணியாளர் சேரும் நாளில் அதே கதை நடக்கும். இரண்டாம் கட்டச் சரிபார்ப்புக்காகத் தொலைபேசிச் செயலியில் 30 விநாடிக்கு ஒருமுறை மாறும் ஆறு இலக்க எண்ணும் நேரத்தை வைத்தே கணக்கிடப்படுகிறது. கடிகாரம் சில நிமிடங்கள் விலகினாலே ஒவ்வோர் எண்ணும் தவறாகும்.

நேர மண்டலத்தைச் சரியாக வைத்து, நேரத்தைச் சர்வரிலிருந்து தானாக எடுக்கும்படி அமையுங்கள். இந்தியாவின் கணினி அவசரநிலை அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று பிறப்பித்த உத்தரவும், தேசிய தகவலியல் மையம் அல்லது தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேர சர்வர்களோடு கடிகாரத்தைப் பொருத்தச் சொல்கிறது. லாக்குகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும் என்பதும் அதே உத்தரவில்தான் இருக்கிறது. பல சிறிய பெட்டிகளில் மின்சாரம் போனால் லாக் அழிந்துவிடும். வேறொரு கணினிக்கு அதை அனுப்பி வைக்கும் அமைப்பு அவசியம்.

மறுக்கப்பட்ட முயற்சிகளை லாக்கில் படிக்கும்போது உங்கள் அலுவலகத்தில் இல்லாத பெயர்கள் வருகின்றனவா என்றும் பாருங்கள். வேலையை விட்டுப் போனவரின் கணக்கு இன்னும் திறந்திருக்கிறதா என்பதை அப்போதே பார்த்துவிடலாம். 2021 ஏப்ரல் இறுதியில் அமெரிக்காவின் காலனியல் பைப்லைன் நிறுவனத்துக்குள் தாக்குபவர்கள் நுழைந்தது, யாரும் பயன்படுத்தாமல் கிடந்த ஒரு பழைய விபிஎன் கணக்கின் வழியாகத்தான். அதற்கு இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு இல்லை. மே மாதத்தில் அந்நாட்டின் கிழக்குக் கடற்கரைப் பகுதிகளில் எரிபொருள் விநியோகம் நாட்கணக்கில் தடைபட்டது.

இணைந்துவிட்டது என்று காட்டுகிறது, எதுவும் திறக்கவில்லை

அழைப்புகளில் பெரும் பகுதி இங்கேதான் வந்து நிற்கும். பணியாளரின் கணினியிலிருந்து படிப்படியாகப் பிங் போடுங்கள்: முதலில் பெட்டியின் உள் முகவரிக்கு, அடுத்து சர்வரின் ஐபி எண்ணுக்கு, கடைசியாக சர்வரின் பெயருக்கு. எந்தப் படியில் நிற்கிறதோ அங்கே தேடுங்கள்.

முதல் படியிலேயே நின்றால் பணியாளரின் வீட்டு ரவுட்டர் என்ன எண் கொடுத்திருக்கிறது என்று கேளுங்கள். அலுவலகம் 192.168.1, வீடும் 192.168.1 என்றால் காரணம் கிடைத்துவிட்டது. அலுவலக சர்வர் 192.168.1.50 என்று வைத்துக்கொள்வோம். பணியாளரின் கணினி அந்த எண்ணைப் பார்த்ததும் இது நம் வீட்டு நெட்வொர்க்கில் இருப்பதுதானே என்று முடிவு செய்து, வீட்டு வைஃபையிலேயே தேடும். பாக்கெட் டனலுக்குள், அதாவது விபிஎன் பாதைக்குள், போகவே போகாது. சில சமயம் வீட்டில் அதே எண்ணில் ஒரு டிவியோ கேமராவோ இருந்துவிட்டால் பிங்குக்குப் பதில்கூட வரும், பார்ப்பவருக்குத் தலை சுற்றும். விண்டோஸில் ரூட் பிரிண்ட் கட்டளை கொடுத்தால் அலுவலக எண் எந்த வழியாகப் போகிறது என்று தெளிவாகத் தெரியும்.

அன்றிரவுக்கு ஒரு தற்காலிக வழி இருக்கிறது. அந்த ஒரே சர்வருக்கு மட்டும் /32 என்ற தனி வழியை டனலின் பக்கம் போட்டுவிட்டால் அது மற்றதை மீறி வேலை செய்யும். வீட்டில் அதே எண்ணில் வேறு சாதனம் இருந்தால் அது தொலைந்துபோகும், ஒரு நாளைக்குத் தாங்கும். பெட்டி அனுமதித்தால், அலுவலகத்தின் 192.168.1 முழுவதையும் வெளியே இருப்பவர்களுக்கு 10.47.12 என்று காட்டும் ஒன்றுக்கொன்று முகவரி மாற்றமும் செய்யலாம். ஆனால் நிலையான தீர்வு அலுவலக எண்ணையே மாற்றுவது. 192.168.0, 192.168.1 இரண்டுள் ஒன்று பெரும்பாலான வீடுகளில் இருக்கிறது. ஜியோஃபைபர் ரவுட்டர் உள்ள வீடுகளில் 192.168.29. ஐஃபோன் ஹாட்ஸ்பாட் 172.20.10 தருகிறது. மென்பொருள் எழுதுகிறவர்களின் கணினியில் டாக்கர் என்ற மென்பொருள் 172.17ஐப் பிடித்திருக்கும். இவை எதிலும் படாத ஒன்றை, 10.47.12.0/24 (10.47.12 என்று தொடங்கும் எண்கள் எல்லாம்) போல மனம்போன இரண்டு எண்களோடு எடுங்கள். விபிஎன்னில் வருகிறவர்களுக்கு 10.47.99.0/24 போலத் தனித் தொகுதி கொடுங்கள். பெட்டியை நிறுவும் முதல் நாளிலேயே இதைச் செய்துவிட்டால் அரை மணி நேர வேலை. பிறகு செய்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை போகும், திங்கட்கிழமை காலையில் வருகைப் பதிவு இயந்திரம், சிசிடிவி பெட்டி, பிரிண்டர் ஆகியவற்றுள் ஏதாவது ஒன்று பழைய எண்ணோடு நின்றிருக்கும். இவற்றுக்கெல்லாம் கையால் எண் போட்டிருப்பார்கள். முன்கூட்டியே பட்டியல் எடுத்துக்கொள்ளுங்கள்.

பெட்டிக்குப் பிங் போகிறது, சர்வருக்குப் போகவில்லை. இங்கே இரண்டு காரணங்கள் முந்தி நிற்கும். ஒன்று திரும்பும் வழி. பணியாளரின் பாக்கெட் சர்வரை அடைந்துவிடுகிறது, ஆனால் சர்வரின் இயல்பு நுழைவாயில் (வெளியே போக வேண்டிய பாக்கெட்டை அது ஒப்படைக்கும் சாதனம்) விபிஎன் பெட்டியாக இல்லாமல் பழைய மோடமாக இருக்கிறது. 10.47.99 என்ற தொகுதி எங்கே இருக்கிறதென்று மோடத்துக்குத் தெரியாது. பதிலை இணையத்தின் பக்கம் தள்ளிவிடும், அது அங்கே தொலையும். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் நெட்வொர்க்கில் பெட்டியைப் பக்கவாட்டில் சொருகிய அலுவலகங்களில் இது கட்டாயம் நடக்கும். மோடத்தில், 10.47.99.0/24க்குப் போக வேண்டியது விபிஎன் பெட்டியின் உள் முகவரிக்கு என்று ஒரு நிலையான வழியைச் சேருங்கள். மோடம் அதை அனுமதிக்காவிட்டால், விபிஎன் பயனர்கள் எல்லோரும் பெட்டியின் உள் முகவரியிலேயே வருவதுபோலப் பெட்டியில் முகவரி மாற்றம் செய்யலாம். வேலை நடக்கும், ஆனால் சர்வரின் லாக்கில் யார் வந்தார்கள் என்பது பிறகு தெரியாது. அதனால்தான் எனக்கு முதல் வழியே பிடிக்கும்.

இரண்டாவது காரணம் விண்டோஸின் ஃபயர்வால். கோப்புப் பகிர்வுக்கான அதன் விதி, தனியார் நெட்வொர்க்கில் உள்ளூர் சப்நெட்டிலிருந்து (அதே எண் தொகுதியிலிருந்து) வருபவர்களை மட்டுமே அனுமதிக்கும்படி அமைந்திருக்கிறது. பிங்கும் அதே வகைதான். அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரருக்குத் திறக்கும் கோப்புறை, 10.47.99இலிருந்து வருகிறவருக்குத் திறக்காது. ஃபயர்வாலை முழுவதுமாக அணைத்துப் பார்த்து, வேலை செய்ததும் அப்படியே விட்டுவிடுகிறவர்கள் உண்டு. வேண்டாம். கோப்புப் பகிர்வு விதியைத் திறந்து, அனுமதிக்கப்பட்ட தொலை முகவரிகளில் 10.47.99.0/24ஐச் சேர்த்தால் போதும்.

வயர்கார்டில் அனுமதிக்கப்பட்ட ஐபிகள் என்ற பட்டியல் இரண்டு வேலை செய்கிறது: எந்த எண்ணுக்கான பாக்கெட் டனலுக்குள் போக வேண்டும் என்பதையும், மறுமுனையிலிருந்து எந்த எண்ணோடு வரும் பாக்கெட்டை ஏற்க வேண்டும் என்பதையும் அதுவே சொல்கிறது. கைகுலுக்கல் (இரண்டு முனையும் சாவியைச் சரிபார்த்துக்கொள்வது) நடந்த நேரம் புதிதாகக் காட்டியும் எதுவும் திறக்காவிட்டால், பணியாளர் பக்கத்துப் பட்டியலில் அலுவலகத் தொகுதி இருக்கிறதா, பெட்டிப் பக்கத்தில் அந்தப் பணியாளரின் எண் இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு பணியாளர்களுக்கு ஒரே எண் கொடுத்திருந்தால் கடைசியாகச் சேர்த்தவருக்கே வேலை செய்யும்.

எண்ணுக்குத் திறக்கிறது, பெயருக்குத் திறக்கவில்லை

அலுவலகத்துக்குள் கணினிகள் ஒன்றையொன்று பெயரால் கண்டுபிடிப்பது, நெட்வொர்க் முழுவதும் கூவிக் கேட்டுத்தான். அந்தக் கூவல் விபிஎன்னைத் தாண்டாது. உள்ளே டிஎன்எஸ் சர்வர், அதாவது பெயருக்கு எண் சொல்லும் சர்வர், இருந்தால் அதன் முகவரியை விபிஎன் பயனர்களுக்கு அனுப்பும்படி பெட்டியில் அமையுங்கள். இல்லாத சிறிய அலுவலகத்தில் சர்வருக்கு நிலையான எண் கொடுத்து, எண்ணையே பயன்படுத்தச் சொல்வதில் ஒரு குறையும் இல்லை.

சிறியவை திறக்கின்றன, பெரியவை பாதியில் உறைகின்றன

பிங் போகிறது, உள்நுழைவுத் திரை வருகிறது, கோப்புறையின் பட்டியல்கூட வருகிறது. ஒரு பெரிய கோப்பைத் திறந்தால் அப்படியே நின்றுவிடுகிறது. இது பாக்கெட்டின் அளவுப் பிரச்சினை. சாதாரண இணைப்பில் ஒரு பாக்கெட் 1500 பைட் வரை இருக்கலாம். பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து பிபிபிஓஈ முறையில் இணையும் ஃபைபரில் அது 1492. விபிஎன் ஒவ்வொரு பாக்கெட்டின் மேலும் தன் உறையைச் சுற்றுகிறது. வயர்கார்டின் உறை ஐபிவி4 மேல் 60 பைட், ஐபிவி6 மேல் 80. அதன் இயல்பு அளவான 1420ஐ வைத்துக் கணக்கிட்டுப் பாருங்கள்: ஐபிவி4 என்றால் 1480, 1492க்குள் அடங்கும். ஐபிவி6 என்றால் 1500, அடங்காது. வீட்டுக்கு ஐபிவி6 வந்த நாளிலிருந்து உறையத் தொடங்கியது என்று ஒருவர் சொன்னால் இதுதான் காரணம். மொபைல் ஹாட்ஸ்பாட்டில் இடம் இன்னும் குறுகும்.

அளந்து பார்க்கலாம். விண்டோஸின் பிங் கட்டளையில், பாக்கெட்டை உடைக்காதே என்று சொல்லும் எஃப் தெரிவையும் அளவைச் சொல்லும் எல் தெரிவையும் சேர்த்து, டனல் வழியாக சர்வருக்கு அனுப்புங்கள். 1392இல் தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து வாருங்கள். பதில் வரும் மிகப் பெரிய எண்ணோடு 28ஐக் கூட்டினால் டனல் தாங்கும் அளவு கிடைக்கும். அதை எம்டியு (ஒரு பாக்கெட்டின் உச்ச அளவு) என்ற இடத்தில் போடுங்கள். பெட்டியில் டிசிபி எம்எஸ்எஸ் அமைப்பு இருந்தால் அதைவிட 40 குறைவாக வையுங்கள். அளக்க நேரமில்லாத இரவில் 1280 போட்டுவிட்டுத் தூங்கப் போகலாம், மறுநாள் அளந்துகொள்ளலாம்.

இணைகிறது, ஆனால் அறுந்து அறுந்து போகிறது

எத்தனை நேரத்துக்கு ஒருமுறை அறுகிறது என்று குறிக்கச் சொல்லுங்கள். அந்த இடைவெளியே பாதிப் பதில். சரியாக ஒரு மணி நேரம் என்றால் சாவி புதுப்பிப்பு. ஓப்பன்விபிஎன் இயல்பாக 3600 விநாடிக்கு ஒருமுறை மறுபடி அடையாளம் கேட்கும். ஆறு இலக்க எண்ணை வைத்து நுழைந்தவரிடம் அந்தப் பழைய எண் செல்லாது. உள்நுழைந்தவருக்கு ஒரு தற்காலிக டோக்கன் கொடுக்கும் அமைப்பை சர்வரில் இயக்கினால் தீரும். சும்மா இருந்தால் சில நிமிடங்களில் அறுகிறது, வேலை செய்துகொண்டிருந்தால் அறுவதில்லை என்றால், வழியிலுள்ள ரவுட்டர் அமைதியான யூடிபி இணைப்பை மறந்துவிடுகிறது. உயிர்ப்புச் சைகையை இயக்குங்கள். ஒருவர் வந்தால் மற்றவர் போகிறார் என்றால் இருவரும் ஒரே வயர்கார்டு கோப்பைப் பகிர்ந்திருக்கிறார்கள். ஒரு சாவி ஒரு சாதனத்துக்குத்தான்.

மின்வெட்டு முடிந்ததும் எல்லோரும் அறுந்து, ஒவ்வொருவரும் அணைத்து மறுபடி போட்டால்தான் இணைகிறது என்றால், அலுவலகத்தின் முகவரி மாறியிருக்கிறது. வயர்கார்டு பெயரை ஐபி எண்ணாக மாற்றுவது தொடங்கும்போது ஒருமுறை மட்டுமே. பெட்டிக்கு யூபிஎஸ் கொடுத்து மோடத்துக்குக் கொடுக்காமல் விட்டிருப்பதும் இதன் பின்னால் அடிக்கடி இருக்கும்.

எல்லாம் சரி, ஆனால் மிக மெதுவாக இருக்கிறது

வீட்டில் இருப்பவர் இறக்குவது அலுவலகம் ஏற்றுவது. ஆகவே அலுவலக இணைப்பின் அப்லோடு வேகத்தைப் பாருங்கள். பெட்டியின் சிபியு நூறு சதவீதத்தைத் தொடுகிறதா என்றும் பாருங்கள். விளம்பரத்தில் போட்டிருக்கும் வேகம் பெரும்பாலும் குறியாக்கம் இல்லாத வேகம். ஓப்பன்விபிஎன் டிசிபியில் ஓடினால், ஒரு பாக்கெட் தொலைந்தாலும் உள்ளேயும் வெளியேயும் இரண்டு முறை மறுஅனுப்பல் நடந்து எல்லாம் தேங்கும். முடிந்த இடத்தில் யூடிபிக்கு மாற்றுங்கள்.

டாலி மட்டும் மெதுவாக இருந்தால் விபிஎன்னைக் குறை சொல்ல வேண்டாம். தரவுக் கோப்புறையை விபிஎன் வழியாகத் திறந்து, மென்பொருளை வீட்டுக் கணினியில் ஓட்டினால், ஒவ்வொரு சிறிய வாசிப்புக்கும் பாக்கெட் போய்த் திரும்ப வேண்டும். ஒரு பயணத்துக்கு 40 மில்லிவிநாடி என்றால் ஆயிரம் வாசிப்புக்கு 40 விநாடி. வேகமான இணைப்பு வாங்கினாலும் இது குறையாது. நடுவில் இணைப்பு அறுந்தால் தரவு கெடும் ஆபத்தும் உண்டு. விபிஎன்னுக்குள் ரிமோட் டெஸ்க்டாப் வைத்து, அலுவலகக் கணினியிலேயே டாலியை ஓட்டச் சொல்லுங்கள், திரை மட்டும் வரட்டும். அந்தக் கணினியில் விண்டோஸ் ஹோம் இருந்தால் ரிமோட் டெஸ்க்டாப்பை ஏற்காது, புரோ வேண்டும். அதிலும் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பயன்படுத்த முடியும்.

உதவி கேட்டு எழுதும்போது

இதற்கு மேலும் பிடிபடாமல் பெட்டி விற்றவருக்கோ இணைய நிறுவனத்துக்கோ எழுதினால், “வேலை செய்யவில்லை” என்று எழுதாதீர்கள். முயன்ற நேரத்தை விநாடியோடு எழுதுங்கள். பணியாளரின் பொது ஐபி, அலுவலகத்தின் பொது ஐபி, விபிஎன் வகை, போர்ட், பெட்டியின் ஃபர்ம்வேர் பதிப்பு ஆகியவற்றைச் சேருங்கள். பெட்டியின் வெளிப்பக்கத்திலும் உள்பக்கத்திலும் ஒரே நேரத்தில் பிடித்த பாக்கெட் பதிவுகளை இணையுங்கள். வெளிப்பக்கம் வந்து உள்பக்கம் போகவில்லை என்றால் பெட்டி விற்றவர் பார்க்க வேண்டியது. வெளிப்பக்கமே வரவில்லை என்றால் இணைய நிறுவனம் பார்க்க வேண்டியது. இந்த ஒரு சான்று இருந்தால் இருவரும் ஒருவரையொருவர் கைகாட்ட முடியாது. பெட்டியின் முழு அமைப்புக் கோப்பை மட்டும் மின்னஞ்சலிலோ வாட்ஸ்அப்பிலோ அனுப்பாதீர்கள். அதில் தனிச் சாவிகளும் பகிர்ந்த ரகசியச் சொல்லும் இருக்கின்றன. ஏற்கெனவே அனுப்பியிருந்தால் அவற்றை இன்றே மாற்றிவிடுங்கள்.